எட்டு டிகிரி

வாப்பாவுக்கு மூளையில் ஏதோ கோளாறு என்று நாங்கள் முடிவு செய்தது ஒரு செவ்வாய்க்கிழமை. கிழமை நினைவிருக்கக் காரணம் சந்தை. மேலப்பாளையத்தில் செவ்வாய் என்றால் ஆட்டுச்சந்தை. ராத்தா பெங்களூருக்கு ஃபோன் பண்ணியபோது அவள் குரலுக்குப் பின்னால் ஆடுகள் கத்திக்கொண்டிருந்தன.

“வாப்பா ஒரு மாதிரி பேசுதாவடா. வண்டி நேராத்தான் போவுதாம், ஸ்டியரிங்குதான் கோணலா இருக்காம். ஒரு மாசமா இதே பேச்சு. நேத்து உம்மாவ ஏத்திட்டுப் போவும்போது நடு ரோட்ல நிறுத்திட்டு ஸ்டியரிங்கையே பாத்துட்டு உக்காந்திருக்காவ. பின்னால பஸ்காரன் ஹாரன் அடிக்கான்.”

வண்டி நேராகப் போனால் ஸ்டியரிங் எப்படிக் கோணலாக இருக்கும்? நான் பொறியியல் படித்தவன். மெக்கானிக்கல் இல்லை, கணினிதான். ஆனாலும் இந்த அளவுக்குத் தெரியாதா? ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரம் திரும்பும், சக்கரம் நேராக இருந்தால் ஸ்டியரிங்கும் நேராக இருக்கும். இதில் ஒன்று மட்டும் கோணல் என்று ஒருவர் சொன்னால், கோணல் வேறெங்கோ இருக்கிறது. அவருக்கு வயது 69. சர்க்கரை பதினைந்து வருடமாக.

வாப்பா சவூதியில் 24 வருடம் டிரைவர். தம்மாமிலிருந்து ரியாத்துக்கு டிரெய்லர் ஓட்டியவர். ஒரு பக்கத்துக்கு நானூறு கிலோமீட்டர், ரோடு பெரும்பாலும் ஒரே கோடு. அந்தக் கோட்டில் தூங்காமல் இருப்பதற்கு என்னென்ன செய்தார் என்பதைச் சின்ன வயதில் கதை கதையாகச் சொல்லியிருக்கிறார். ஊர் திரும்பி, பழைய ஸ்விஃப்ட் ஒன்று வாங்கினார். அதைத் தினமும் துடைப்பார், ஓட்டுவது வாரத்தில் மூன்று நாள். முன் டயர் இரண்டும் தேய்ந்துபோனதால் ரம்ஜானுக்கு முன்னால் புது டயர் மாட்டி, அங்கேயே அலைன்மெண்டும் பார்த்துக்கொண்டு வந்தார். பெரிய இடம்தான். கண்ணாடிக் கதவு, ஏசி, காத்திருப்பவர்களுக்குக் காப்பி. மேலப்பாளையத்துக்குள் அல்ல.

அந்த அலைன்மெண்ட் சீட்டை வாட்ஸப்பில் அனுப்பச் சொன்னேன். ராத்தா படமெடுத்து அனுப்பினாள். இடப்பக்கம் ‘முன்பு’, வலப்பக்கம் ‘பின்பு’. ‘முன்பு’ பத்தியில் இரண்டு கட்டங்கள் சிவப்பு. ‘பின்பு’ பத்தியில் எல்லாம் பச்சை. நான் பார்க்கும் வேலையில் பச்சைக்கு ஒரு மரியாதை உண்டு. ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பினாலும், திரையில் எல்லாம் பச்சையாக இருந்தால் திரும்பிப் படுத்துவிடுவோம். பயன்படுத்துகிறவர் என்ன புகார் சொன்னாலும், ‘எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது’ என்று ஒரு வரி எழுதி மூடிவிடலாம். வாப்பாவுக்கும் அதையே செய்தேன்.

“வாப்பா, ரிப்போர்ட் கிளியரா இருக்கு. வண்டில ஒண்ணும் இல்ல.”

“அப்ப எங்கிட்டயா இருக்கு?” என்றார்.

நான் பதில் சொல்லவில்லை.

ரம்ஜானுக்கு ஊருக்குப் போனபோது பாளையங்கோட்டையில் ஒரு நரம்பு டாக்டரிடம் அழைத்துப்போனேன். ஆட்டோவில்தான். வண்டிச் சாவியை ராத்தா ஏற்கெனவே வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தாள். உடம்பின் ஒரு பக்கத்தையே மூளை கவனிக்காமல் விட்டுவிடும் நோய் பற்றி நான் இணையத்தில் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். டாக்டர் பொறுமைசாலி. கையைத் தூக்கச் சொன்னார், நடக்கச் சொன்னார், மூக்கைத் தொடச் சொன்னார். பிறகு ஒரு வெள்ளைத்தாளை நீட்டி, “ஒரு கடிகாரம் வரைங்க பாய், மணி பதினொண்ணு பத்து” என்றார். ஞாபகமும் இடம் பற்றிய கணிப்பும் குலைகிறதா என்று பார்க்கும் பழைய சோதனை அது. கோளாறு இருந்தால் எண்களெல்லாம் ஒரே பக்கமாகக் குவியும்.

வாப்பா வட்டம் போட்டார். முதலில் 12, 6, 3, 9. அப்புறம் இடையில் உள்ளவை. முட்கள் இரண்டும் பிசகில்லை. அவர் வரைந்துகொண்டிருந்த அந்த இரண்டு நிமிடமும் நான் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர், நரம்பில் ஒன்றும் இல்லை, சர்க்கரையைக் குறையுங்கள், கண்ணில் புரை ஆரம்பித்திருக்கிறது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள் என்றார்.

திரும்பும்போது ஆட்டோவில், வண்ணார்பேட்டை தாண்டியபிறகு, வாப்பா கேட்டார்: “கடிகாரம் நேராத்தான இருந்துச்சு?”

அடுத்த நாள் நாகர்கோவிலில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போகவேண்டியிருந்தது. நான் ஓட்டினேன், வாப்பா பக்கத்தில். மேலப்பாளையத் தெருக்களில் ஸ்டியரிங் நேராக இருக்கிறதா என்று பார்க்கவே வழியில்லை. பத்தடிக்கு ஒரு தடவை ஏதாவது ஒரு பக்கம் திருப்பிக்கொண்டேதான் இருக்கவேண்டும். நாலுவழிச் சாலையில் ஏறி எண்பதில் போக ஆரம்பித்த பிறகுதான் கண்ணில் பட்டது. ஸ்டியரிங்கின் நடுவில் இருக்கும் கம்பெனி முத்திரை வலப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. என் இடது கை மேலே, வலது கை கீழே. வண்டி அம்பு மாதிரி நேராகப் போகிறது. முத்திரையை நிமிர்த்தினேன். வண்டி மெல்ல இடப்பக்கம் ஒதுங்கியது. மறுபடி சாய்த்தேன், நேராகப் போனது.

வாப்பா என்னைப் பார்க்கவில்லை. ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பெட்ரோல் பங்க்கில் நிறுத்தினேன், நேராக வந்து நின்ற நிலையிலேயே, ஸ்டியரிங்கைத் தொடாமல். ஃபோனில் கொத்தனார் ரசமட்டம் மாதிரி ஒரு செயலி உண்டு. ஸ்டியரிங்கின் குறுக்குக் கம்பியில் வைத்துப் பார்த்தேன். எட்டு டிகிரி.

அந்தப் பெரிய இடத்துக்கு மறுபடி போனோம். சட்டையில் பெயர்ப்பட்டை குத்தியிருந்த பையன் மரியாதையாகத்தான் பேசினான். “ரோடு ஸ்லோப் சார், எல்லா வண்டிலயும் இருக்கும்.” இது முழுப் பொய்யும் அல்ல. மழைத்தண்ணீர் வடிவதற்காகத் தார்ச்சாலைகளை நடுவில் மேடாக்கி ஓரத்துக்குச் சுமார் இரண்டு சதவீதம் சரிவு கொடுக்கிறார்கள். நாம் இடப்பக்கம் போகிறவர்கள். அதனால் வண்டி எப்போதும் கொஞ்சம் இடது ஓரத்துக்கு இறங்கப் பார்க்கும், கை தெரியாமலே கொஞ்சம் வலப்பக்கம் பிடிக்கும். ஆனால் எட்டு டிகிரியா? நான் வாதாடியதும் அவன் வேறொன்று சொன்னான். “வேணும்னா ஸ்டியரிங்க மட்டும் கழட்டி நேரா மாட்டிக் குடுத்துடுறோம் சார். அஞ்சு நிமிஷம்.”

நான் சரி என்று சொல்ல வாயெடுத்தேன். வாப்பா என் முழங்கையைப் பிடித்தார். “வேண்டாம். நம்ம ஊர்லயே பாத்துக்கலாம்.”

நம்ம ஊர் என்றால், மேலப்பாளையத்தில் வாப்பாவின் பழைய கூட்டாளி ஒருவருடைய ஒர்க்‌ஷாப். தகரக் கொட்டகை, ஒரு குழி, இரண்டு பையன்கள். சின்ன வயதிலிருந்து நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். வாப்பா சொன்னதை அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். எங்கள் வீட்டில் யாரும் அப்படிக் கேட்டிருக்கவில்லை. “செரி மச்சான், நாளைக்கு சுபுஹு தொழுதுட்டு வாங்க. ரோடு காலியா இருக்கும்.”

மறுநாள் விடியும் முன்பே வாய்க்கால் தாண்டி, வயல்களுக்கு நடுவே போகும் ஒரு சாலைக்குப் போனோம். மாமா ஓட்டினார். முதலில் இடப்பக்கம், வழக்கம்போல. முத்திரை வலது சாய்வு. பிறகு, முன்னும் பின்னும் யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு, சாலையின் வலது பாதிக்கு ஏறினார். அங்கே சரிவு எதிர்த்திசையில். ரோடுதான் காரணம் என்றால் ஸ்டியரிங் இப்போது இடப்பக்கம் சாயவேண்டும். சாயவில்லை. கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். “ரோட்டுல ஒண்ணுமில்ல, வண்டிலதான்” என்றார் மாமா. இத்தனைக்கும் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டவில்லை.

கொட்டகைக்கு வந்ததும் மாமா மெஷின் எதையும் எடுக்கவில்லை. நூல் எடுத்தார். நைலான் நூல். வண்டியின் இரு பக்கமும் நான்கு ஸ்டாண்டுகளை நிறுத்தி, சக்கர நடுவின் உயரத்துக்கு, வண்டிக்கு இணையாக இரண்டு நூல் கட்டினார். பின்சக்கரங்களில் ஆரம்பித்தார். பின் ஆக்ஸில் கோணியிருந்தால் வண்டி நாய் ஓடுகிற மாதிரி உடம்பைச் சாய்த்துக்கொண்டு போகும், அப்போதும் ஸ்டியரிங் கோணலாகத்தான் நிற்கும். எங்கள் வண்டியில் பின்பக்கம் சரியாக இருந்தது.

நூலைக் கட்டிவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் வழியே அவர் பார்த்ததைக் கண்டு வாப்பா சிரித்தார். “எங்க வாப்பா பாவு பாக்குற மாதிரியே பாக்கான்.” வாப்பாவின் வாப்பா தறிக்காரர். அப்போதெல்லாம் விடியற்காலையில் தெருநீளத்துக்குப் பாவு இழுத்துக் கட்டியிருப்பார்களாம், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் குனிந்து கீழே நுழைந்து போகவேண்டும், இழை பட்டால் அடி விழும். நான் பார்த்ததில்லை. நான் பிறந்தபோது எங்கள் வீட்டில் தறி இல்லை, தறி இருந்த குழியை மூடிய இடத்தில் சிமெண்ட் நிறம் மட்டும் வேறாக இருந்தது.

ஸ்டியரிங்கை நேராக நிறுத்தி, அசையாதபடி சீட்டுக்கும் அதற்கும் நடுவே ஒரு கம்பியை முட்டுக்கொடுத்தார் மாமா. பிறகு இரும்பு ஸ்கேலை வைத்து, முன்சக்கரத்தின் ரிம் விளிம்புக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை முன்னாலும் பின்னாலும் அளந்தார். இடது சக்கரத்தில் முன்பக்க இடைவெளி மூன்று மில்லி குறைவு. வலது சக்கரத்தில் முன்பக்க இடைவெளி மூன்று மில்லி அதிகம். அதாவது ஸ்டியரிங் நேராக நிற்கும்போது இரண்டு சக்கரங்களும் சேர்ந்து, ஒன்றுக்கொன்று துல்லியமான இணையாக, இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன.

எனக்கு அந்த இடத்தில்தான் புரிந்தது. அலைன்மெண்டில் மூன்று கோணங்கள் பேசப்படும். கேம்பர், கேஸ்டர் இரண்டையும் இங்கே விட்டுவிடலாம். இந்த மாதிரி வண்டிகளில் அவற்றை மாற்றவும் பெரிதாக வழியில்லை. மிச்சம் இருப்பது டோ. நிற்கும்போது நம் கால்விரல்கள் உள்ளே பார்க்கின்றனவா வெளியே பார்க்கின்றனவா என்பது போல, முன்சக்கரங்கள் ஒன்றையொன்று பார்க்கும் விதம். டயர் தேய்வதற்கும் வண்டி அலைவதற்கும் முக்கியமாக இதைத்தான் சொல்வார்கள். மெஷினின் கருவிகளை நான்கு சக்கரங்களிலும் மாட்டுகிறார்கள். அது சக்கரத்துக்கும் சக்கரத்துக்கும் உள்ள கோணத்தை நுணுக்கமாகச் சொல்லும். ஆனால் ஸ்டியரிங்கில் எதையும் மாட்டுவதில்லை. ஸ்டியரிங்கை நேராக வைத்துக் கம்பி முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் வேலை ஆரம்பித்தாயா என்று மெஷின் கேட்காது, செய்திருப்பாய் என்று எடுத்துக்கொள்ளும். கம்பி இல்லாமல் டை ராடைத் திருகினால், திருகுகிற விசையில் ஸ்டியரிங் சற்று நகரும். நகர்ந்த இடத்தை நடு என்று வைத்துக்கொண்டு மீதி வேலை நடக்கும். கடைசியில் சீட்டில் எல்லாம் பச்சை. பொய்யான பச்சை இல்லை. சக்கரங்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று சரியாகத்தான் இருந்தன. வண்டியும் நேராகத்தான் போனது. அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறவன் கை மட்டும் கோணல், அந்தக் கை சீட்டில் ஒரு கட்டமாக இல்லை.

வண்டி நேராகப் போகிறது, ஸ்டியரிங்தான் கோணல். வாப்பா சொன்னது நோயின் அறிகுறி இல்லை, பிழையில்லாத ஒரு வரி விளக்கம்.

மூன்று மில்லி என்பது ரிம்மின் குறுக்களவுக்குக் கணக்குப் போட்டால் அரை டிகிரிக்குப் பக்கத்தில் வரும். இந்த வகைக் கார்களில் ஸ்டியரிங் ஏறத்தாழ பதினாறு டிகிரி திரும்பினால் சக்கரம் ஒரு டிகிரி திரும்பும். அப்படியானால் சக்கரத்தில் அரை டிகிரி, ஸ்டியரிங்கில் எட்டு. ஃபோன் காட்டிய அதே எட்டு. 1886-இல் கார்ல் பென்ஸ் காப்புரிமை வாங்கிய மூன்று சக்கர வண்டியில் ஸ்டியரிங் சக்கரம் கிடையாது, கையால் திருப்பும் ஒரு பிடிதான். 1894-இல் பாரிஸிலிருந்து ருவான் வரை நடந்த பந்தயத்தில்தான் ஆல்ஃப்ரெட் வாஷெரோன் என்பவர் வட்டமான ஸ்டியரிங் பொருத்திய வண்டியை ஓட்டினார். பிடியை அப்படியே திருப்பும் வண்டியில் அரை டிகிரிப் பிசகு கண்ணுக்கே தெரிந்திருக்காது. கைக்குப் பாரம் தெரியக்கூடாது என்று பல்சக்கரம் வைத்துக் குறைத்ததில், பிசகு பதினாறு மடங்காகக் கைக்கு வந்து சேர்கிறது. (நெல்லையப்பர் கோவில் ஆனித் தேருக்கு ஸ்டியரிங்கே இல்லை. டவுன் ரதவீதிகளில் சக்கரத்தடியில் கட்டை போட்டே அவ்வளவு பெரிய தேரைத் திருப்பிவிடுகிறார்கள். கட்டை போடுகிறவர் கண்ணுக்கு எந்த விகிதமும் கிடையாது. மாமாவுக்கு அந்த வேலை மேல் பெரிய மதிப்பு.)

“அந்தப் பையன் ஸ்டியரிங்கக் கழட்டி மாட்டுதேன்னு சொன்னான் மாமா. செஞ்சிருந்தா என்ன?”

மாமா குழிக்குள் இருந்தார். குரல் மட்டும் வந்தது. “பாக்கதுக்கு நேரா இருந்திருக்கும் மருமவனே. உள்ள ஒரு டை ராடு நீளமாவும் ஒண்ணு குட்டையாவும் அப்படியேதான இருக்கும். வலது பக்கம் ஒரு அளவு திரும்பும், இடது பக்கம் ஒரு அளவு திரும்பும். ஏர்பேக் காயில் வேற உள்ள இருக்கு. கீழ உள்ள கோணல மேல மூடி வைக்கச் சொல்லுதான். வாப்பா வேண்டாம்னுதான சொன்னாவ?”

வாப்பா ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். இடது தோளைத் தடவிவிட்டுக்கொண்டார். அவருக்கு இடது தோளில் வெகுநாள் வலி உண்டு, கையை ஓரளவுக்குமேல் தூக்கமுடியாது. ஸ்டியரிங் வலப்பக்கம் சாய்ந்தால் மேலே போவது இடது கை. ஒரு மாதமாக வலிக்கிறது என்று உம்மாவிடம் சொல்லியிருக்கிறார். உம்மா தைலம் தேய்த்துவிட்டிருக்கிறாள்.

வேலை இதுதான். இரண்டு பக்க டை ராடுகளின் லாக் நட்டையும் தளர்த்தவேண்டும். இடதை நீட்டவேண்டும், வலதை அதே அளவு குறைக்கவேண்டும். இரண்டையும் சமமாகச் செய்தால் சக்கரங்களுக்கு இடையே உள்ள கணக்கு மாறாது, நடு மட்டும் இடம் மாறும். ஒரு பக்கம் மட்டும் திருகினால் ஸ்டியரிங் நேராகிவிடும், டோ கெட்டுவிடும், புது டயர் சீக்கிரமே ஓரம் தேய்ந்து வரும். நான் ஒரு பழைய அட்டையில் கணக்குப் போட்டேன். மரையின் இடைவெளி ஒன்றரை மில்லி, ஸ்டியரிங் ஆர்ம் பதின்மூன்று சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஒரு முழுச் சுற்றுக்குச் சக்கரம் 0.66 டிகிரி திரும்பும். அரை டிகிரிக்கு முக்கால் சுற்று. குழிக்குள் எட்டிப்பார்த்து, “முக்கால் சுத்து மாமா” என்றேன்.

“முக்கால்தான் வச்சிருக்கேன்” என்றார்.

லாக் நட் துருவேறிப் பிடித்திருந்தது. எண்ணெய் விட்டுக் காத்திருந்தார். ரப்பர் பூட் முறுக்கிக்கொள்ளாமல் இருக்க அதன் கிளிப்பைத் தளர்த்தினார். ராடில் வெள்ளை பெயிண்டால் ஒரு புள்ளி வைத்து, அந்தப் புள்ளி எங்கே வருகிறது என்று பார்த்துப் பார்த்துத் திருகினார். நூலில் மறுபடி அளந்தார். இரு பக்கமும் முன்னும் பின்னும் அரை மில்லிக்குள். எல்லாம் முடிய ஒன்றரை மணி நேரம். கூலி 300 ரூபாய் என்றார். நான் ஐந்நூறு நீட்டியதற்குத் திட்டு வாங்கினேன்.

வாப்பாதான் ஓட்டிப்பார்க்கவேண்டும் என்று மாமா சொன்னார். சாவி என் சட்டைப்பையில் இருந்தது. எடுத்துக்கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டு, உட்கார்ந்து, சீட்டை இரண்டு பல் முன்னால் இழுத்தார். நான் ஓட்டியபோது பின்னால் தள்ளியிருந்தேன்.

அம்பாசமுத்திரம் ரோட்டில் ஏறினோம். முத்திரை நிமிர்ந்து நின்றது. வாப்பா இரண்டு கைகளையும் ஒரு நொடி ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து, ஒரு விரலிடை தூரத்தில் வைத்துக்கொண்டார். வண்டி நேராகப் போனது. மறுபடி பிடித்துக்கொண்டார். இடது கை அதன் வழக்கமான இடத்தில், தோளுக்குக் கீழே. அவர் முகத்தில் பெரிதாக எதுவும் தெரியவில்லை.

மன்னிப்பு மாதிரி ஏதாவது சொல்லவேண்டும் என்று நான் வாக்கியம் கோத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் அந்த மாதிரி வாக்கியங்கள் பேசிப் பழக்கமில்லை. “அந்தச் சீட்டுல வந்து, வாப்பா...” என்று ஆரம்பித்தேன்.

“சீட்டுல தப்பு ஒண்ணும் இல்ல” என்றார். “ராத்தாட்ட நீயே சொல்லிரு. நான் சொன்னா சண்டையாவும்.”

திரும்பி வரும்போது ஊருக்குள் நுழைகிற இடத்தில் ஒரு வேகத்தடை. வாப்பா பிரேக் பிடிக்கவில்லை. வண்டி தூக்கிப்போட்டது, என் தலை கூரையில் இடித்தது. நான் அவர் பக்கம் பார்த்தேன், உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டேன். அதற்குள் அவர் கவனித்துவிட்டார். டாக்டர் சொன்ன புரை இருவருக்கும் ஞாபகம் வந்திருக்கும்.

கொஞ்ச தூரம் போனபிறகு, “வெள்ளை அடிக்கல” என்றார்.

நான் உடம்பை முழுக்கத் திருப்பி, பின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கறுப்பாகத்தான் கிடந்தது. வெள்ளை அடித்திருக்கவில்லை.